மாமாவின் சனிக்கிழமைக் கட்டம்: ஒன்பது நட்சத்திரம் அவிழ்ந்த விதம்

சென்ற சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணி பத்துக்கு, மாமாவின் சனிக்கிழமைப் புதிரை ஒரு கட்டமும் விடாமல் நிரப்பி அனுப்பினேன். முதல் தடவை. அதற்கு முந்தைய ஐந்து சனிக்கிழமையும் பாதியில் நின்றுபோனவன் நான். ஒரே ஓர் எழுத்துப் பிழை என்று பதில் வந்தது. அந்த எழுத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எங்கே சறுக்கினேன், எது கைகொடுத்தது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்று இதைத் தொடங்கினேன்.

மாமா அம்மாவின் தம்பி. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்முனையில் இருக்கிறார். நாங்கள் மட்டக்களப்பில், கல்லடியில். தினமும் விடிய ஆறேகாலுக்கு, சதுர றூள் கொப்பியில் கையால் கீறிய குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும். அந்த ஒழுங்கை அவர் ஒரு நாளும் தளர்த்தியதில்லை. ஆங்கிலப் புதிர்களில் பழகியவர் அவர். நியூயோர்க் டைம்ஸ் புதிர் திங்களில் இலகுவாகத் தொடங்கிச் சனிக்கு ஏறஏறக் கடுமையாகும் என்பார்; அந்த வரிசையையே இவரும் பிடிக்கிறார். ஒரு வித்தியாசம், அவர்களுடைய சனிக்கிழமைப் புதிரில் கரு இருக்காது. மாமாவின் சனிக்கிழமைக்குக் கட்டாயம் ஒரு கரு இருக்கும். சில குறிப்புகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருப்பார். அந்த விடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்விளையாட்டு ஒன்று உள்ளே இருக்கும். அதைத் திறக்கிற சாவி கடைசிக் குறிப்பில். மாலை ஆறு மணிவரை அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது சட்டம்.

முதலில் ஆயத்தம். ஐந்து வாரம் நான் தோற்றதில் பாதிக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். முதல் வாரம் போன் திரையிலேயே விரலால் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அடுத்த வாரம் கொமினிகேஷன் கடையில் 20 ரூபாவுக்கு அச்செடுத்தேன். அடிமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு கட்டம் 7 மில்லிமீற்றர். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். தமிழில் ‘கொ’ என்று எழுத முன்னால் ஒரு கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ஒரு கால். ‘ணை’யும் அப்படித்தான், அகலமாகப் போய்ப் பக்கத்துக் கட்டத்தில் இடிக்கும். நெருக்கி எழுதியதில் என் ‘ரை’ எனக்கே ‘றை’ மாதிரித் தெரிந்த நாளும் உண்டு. பிறகுதான் அந்த அச்சை 141 வீதத்துக்குப் பெரிதாக்கி ஏ4 தாளில் போட்டோக்கொப்பி எடுக்கத் தொடங்கினேன். 15 ரூபா கூட. கட்டம் 10 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது, எந்த எழுத்தும் நிம்மதியாக உட்காருகிறது. இரண்டாம் காரணம் போல்பொயின்ற் பேனை. மையால் எழுதிய விடையை மனம் விடாது. இப்போது எச்.பி. பென்சில், அதையும் மெதுவாகத்தான் அழுத்துவேன். நிச்சயமில்லாத எழுத்தைக் கட்டத்தின் மூலையில் சிறிதாக எழுதி, குறுக்குச் சொல் வந்து உறுதிப்படுத்திய பிறகு நடுவில் பெரிதாக எழுதுகிறேன். ஒரு நல்ல வெள்ளை அழிறப்பர், அவ்வளவுதான்.

அன்று எட்டு மணிக்குக் குந்தினேன். ஒன்பது நட்சத்திரம் இருந்தன. மேல் வரிசையின் முதல் குறிப்பு: “கைபரில் உள்ளது (4)”. கணவாய். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் க, ண, வா, ய் என்று நாலு கட்டமும் நிரம்பின. அதன் மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் குறிப்பு: “உறையிலிருந்து எதை உருவினான்? (2)”. வா என்று தொடங்க வேண்டும், ஆகவே வாளை. அடுத்து “முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் (3)”. முதலில் ஆடுதசை என்று மனதில் வந்தது. எண்ணிப் பார்த்தால் நாலு. கெண்டை என்று எழுதினேன். பாடகி பி. சுசீலாவுக்கு முதலெழுத்தையே கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் கேட்டிருந்தார். இவ்வளவு இலகுவாக மாமா எதையும் கேட்பதில்லை. நட்சத்திரக் குறிப்பு இலகுவாக இருந்தால் விளையாட்டு விடைக்குள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பிழைகள் இப்படி வந்தன. “பன்னிரண்டு மாதம் (4)” என்ற நட்சத்திரக் குறிப்புக்கு வருடம் என்று எழுதினேன். வ, ரு, ட, ம். கச்சிதமாகப் பொருந்தியது. அதன் இரண்டாம் கட்டத்தைக் குறுக்கே வெட்டுவது இன்னொரு நட்சத்திரம்: “யார் மூலம்? (4)”. மூன்றாம் எழுத்து ‘ரு’வாக வரும் சொல்லைத் தேடித் தேடி அரை மணித்தியாலம் போனது. பிறகு அந்தக் குறிப்பைத் தனியாக, குறுக்குச் சொல்லை மறந்துவிட்டுப் பார்த்தேன். எவரால். அப்படியானால் வெட்டும் எழுத்து ‘ரா’. வருடத்தை அழித்து ஓராண்டு என்று எழுதினேன். ஒரு சொல் பொருந்திவிட்டால் அதைச் சுற்றியே மற்றதை வளைக்கப் பார்ப்பது என் பழக்கம். அதை முதலில் கண்டுகொண்டது இந்த இடத்தில்தான்.

“ஆண்டவனின் கரம் (4)” என்பதற்கு அருட்கை என்று எழுதினேன். அதன் இரண்டாம் கட்டத்தில் குருவி இறங்குகிறது, நாலாம் கட்டத்தில் கைதி இறங்குகிறான். அருட்கையின் ‘ரு’வும் சரி, ‘கை’யும் சரி. இரண்டு பக்கத்திலும் சாட்சி சொல்லியாகிவிட்டது என்று மூலையிலிருந்த எழுத்துகளை நடுவுக்குக் கொண்டுவந்து அழுத்தியே எழுதிவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னை நிறுத்திவைத்தது. “கிழக்கின் மாவட்டம் ஒன்று (4)”. அம்பாறை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைசிக் கட்டத்தில் மேலிருந்து வந்து முடியும் இரண்டெழுத்துச் சொல்லுக்கு மாமா எழுதிய குறிப்பு: “எழுவானுக்கும் படுவானுக்கும் பின்னால் வருவது”. மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் இது கரை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆனால் அம்பாறையின் ‘றை’ அங்கே நிற்கும்போது அது ‘கறை’ ஆகிவிடுகிறது. துணியில் ஒட்டுகிற கறை. மாமாவுக்கு ர, ற தடுமாறாது. இருபது முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் அதற்குச் சிவப்புக் கோடு போட்டவர். ஊர்ப்பெயர் இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது என்பது தெரிந்ததுதான். இப்போது அரச பலகைகளில் அம்பாறை, பழைய தாள்களில் அம்பாரை என்றும் பார்த்திருக்கிறேன். ஆனால் மாமா வேண்டுமென்றே ‘ரை’ போட்டதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே? மூலையில் ர, ற இரண்டையும் எழுதிவிட்டு விட்டுவைத்தேன்.

கருவைத் தேடத் தொடங்கினேன். நட்சத்திர விடைகளின் முதலெழுத்துகளைக் கோத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. விகடகவி மாதிரித் திருப்பி வாசித்தேன். லாசீசு என்று வந்தது. கடைசி எழுத்துகள், நெடில் குறில், எதுவும் இல்லை. ஒன்பதரை மணியளவில் பென்சிலைக் கீழே வைத்தேன்.

பத்து மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் மீன்காரக் காக்காவின் மோட்டார் சைக்கிள் வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா சட்டியைத் தந்து அனுப்பினார். காக்கா பின்னால் கட்டியிருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார். மேலே நொறுக்கிய ஐஸ், அதற்குள் சாம்பல் நிறத்தில் நீட்டாக ஒரு மீன், கீழ்த்தாடை முன்னே தள்ளி, பல் வெளியே தெரிய.

“என்ன மீன் காக்கா கிடக்கு?”

“சீலா கிடக்கு, பாரை கிடக்கு, திருக்கை வெட்டின துண்டு கிடக்கு. சூடையும் இருக்கு தம்பி, விடியப் பட்டது.”

சீலா என்று அவர் சொன்னதும் காதுக்குள் சுசீலா கேட்டது. பாரை என்றதும் அம்பாரை. நான் சட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அரைக் கிலோ சூடை 350 ரூபா கொடுத்து வாங்கி, அதைக் குசினியில் வைத்துவிட்டு ஈரக் கையோடு மேசைக்கு ஓடினேன். தாளின் வலது ஓரத்தில் அந்த ஈரம் இன்னும் வட்டமாகக் கிடக்கிறது.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கணவாய், மலையிடைவெளிக்கும் அந்தப் பெயர், மை கக்கும் கணவாய்க்கும் அந்தப் பெயர். வாளை, வாள் என்பதன் ‘ஐ’ வேற்றுமை, அதுவே ஒரு மீன். கெண்டை, காலிலும் இருக்கிறது, குளத்திலும் இருக்கிறது. இவை மூன்றும் சிலேடை, சொல் முழுவதும் மீன். மற்றவற்றில் மீன் ஒரு துண்டாக ஒளிந்திருந்தது. சுசீலாவில் சீலா, அம்பாரையில் பாரை. ‘ரை’க்கான காரணம் கிடைத்துவிட்டது. ஓராண்டில் ஓரா.

அப்போதுதான் அருட்கை கண்ணில் குத்தியது. அதில் மீன் இல்லை. ஆண்டவனின் கரம், திரு, கை. திருக்கை! அதைத்தான் காக்கா பெட்டிக்குள் துண்டாக வைத்திருந்தார். இரண்டு குறுக்குச் சொற்கள் சரி என்று சொன்ன விடையைக் கரு ஒன்றுதான் பிழை என்று காட்டியது. அருட்கைக்கும் திருக்கைக்கும் இரண்டாம் எழுத்தும் நாலாம் எழுத்தும் ஒன்றுதான். மாமா அதைத் தெரிந்தே அந்த இரண்டு கட்டங்களை மட்டும் வெட்டவிட்டிருக்கிறார். அழுத்தி எழுதியதால் அழித்த இடத்தில் தாள் பஞ்சுபோல் எழும்பிவிட்டது.

ஓராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். தமிழில் உயிரெழுத்து சொல்லின் தலையில்தான் நிற்கும். ஆகவே ஓரா, இறால் போல உயிரில் தொடங்கும் ஒன்றை ஒரு சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒளிக்கவே முடியாது. தலையில்தான் வைக்க வேண்டும். ஓராண்டு தவிர வேறு வழி மாமாவுக்கு அதிகம் இருந்திருக்காது. அதேபோல் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. எனவே ஒரு சொல்லின் மெய்யெழுத்துக் கட்டத்தில் இன்னொரு சொல்லைத் தொடங்கிவைக்க முடியாது. நடுவிலோ முடிவிலோதான் வெட்டலாம். காலியான கட்டம் ஒன்றைப் பார்த்து “இங்கே ஒரு சொல் தொடங்குகிறது, ஆகவே இது மெய்யில்லை” என்று தீர்மானிக்க முடிகிறது. இது தெரிந்த பிறகு என் வேகம் கூடியது.

எவராலில் மட்டும் மீன் அகப்படவில்லை. எவரால், எவரால் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருக்க, சூடை சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: “வரால் இருக்கே.” நாங்கள் விரால் என்றுதான் சொல்லிப் பழக்கம், அதனால் ‘வி’யைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா படுவான்கரையில் வளர்ந்தவர். “விரால வரால் எண்டும் சொல்லுவாங்க. ஐயா குளத்தில பிடிச்சுக்கொண்டு வருவார்” என்றார். அவருடைய கையிலிருந்த செதில் ஒன்று தாளில் விழுந்தது. எடுத்துவிட்டு எவராலுக்குள் வராலைச் சுற்றி வட்டம் போட்டேன்.

கடைசிச் சாவி, அம்பாரையின் ‘பா’விலிருந்து கீழே இறங்கும் நாலெழுத்து: “கல்லடியில் நிலவுக்குக் கேட்பது, நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்”. பாடுமீன். நிலவு நாளில் எங்கள் வாவிக்குள்ளிருந்து கேட்கும் ஓசையை மீன் பாடுவது என்பார்கள். சின்ன வயதில் மாமாவே என்னைத் தோணியில் கூட்டிக்கொண்டு போய், பறுவத்தன்று, முழுநிலவில், 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுநுனியைக் காதில் வைக்கச் சொன்னவர். மரம் குளிர்ந்து காதில் ஒட்டியது. தண்ணீருக்குள்ளிருந்து தந்தியை மெதுவாக விரலால் சுண்டியது போல ஒரு ஓசை. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் மாலைநேரம் நடக்கப் போகிறோம், தோணி எடுத்துக் காது வைத்துக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பாடகியின் பெயருக்குள் சீலாவை வைத்தது ஏன் என்பது பாடுமீன் என்று எழுதும்போதே விளங்கியது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

மிச்சம் நட்சத்திரமில்லாத சில சொற்கள். வேலை இருந்ததால் விட்டுவிட்டுப் பார்த்து மாலையில் முடித்தேன். மொத்தம் நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் மாமா எடுத்தார். “மருமகன், ஒன்பது மீனும் பிடிச்சிட்டீங்க. ஒரு எழுத்து மட்டும் பிழை.” அது ஒன்பதாவது நட்சத்திரம்: “பிந்தி வந்தால் அம்மா என்ன செய்யிறா? (3)”. நான் பேசுறா என்று எழுதியிருந்தேன். அவருடைய விடை ஏசுறா. இரண்டிலும் சுறா இருக்கிறது. இரண்டும் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம். பேச்சு வாங்கினேன் என்றாலும் ஏச்சு வாங்கினேன் என்றாலும் ஒன்றுதான். சுசீலாவின் ‘சு’ நடுக்கட்டத்தை வெட்டுகிறது, முதல் கட்டத்தை வெட்டுகிற சொல் எதுவும் இல்லை. ‘பே’யா ‘ஏ’யா என்று தீர்மானிக்கத் தாளில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கொப்பியை எடுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. “ஓம், அது என்ர பிழை. முதல் கட்டத்தையும் வெட்டவிட்டிருக்க வேணும்” என்றார். மறுநாள் கொப்பியில் அந்தக் கட்டத்தில் இரண்டு எழுத்தையும் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். எனக்கு அது பரிசு மாதிரி.

அடுத்த சனிக்கு இரண்டு விடயம் மாற்றுவேன். நட்சத்திர விடைகளை நிரப்பும்போதே ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி வாய்விட்டு வாசிப்பேன். கண்ணால் பார்த்தபோது ஒளிந்திருந்தது காதில் விழுந்ததும் வெளியே வந்தது. எல்லாக் கட்டமும் வெட்டுப்படாத விடையை, எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், கரு தெரியும்வரை மூலையிலேயே வைத்திருப்பேன்.

இப்போது நானும் ஒரு கட்டம் கீறத் தொடங்கியிருக்கிறேன். 180 ரூபாவுக்கு ஒரு சதுர றூள் கொப்பி. முதல் முயற்சியில் பாடசாலைக்குள் சாளையை ஒளித்துவைத்தேன் என்று சந்தோஷப்பட்டேன். லை வேறு, ளை வேறு. அதை விட்டு மன்னார்ப் பக்கத்துப் பேசாலையைப் பிடித்தேன், மீனுக்குப் பேர்போன ஊர். அதிலும் லை. சாளையைக் கைவிட்டேன்.

திட்டம் இதுதான். ஒன்பது நிரலில் நடு நிரல் முழுவதும் கறுப்பு, அது வாவி. இடப்பக்கம் நாலு நிரல் படுவான்கரை, அங்கே குளத்து மீன்கள்: கெண்டை, வாளை, எவராலின் வரால். வலப்பக்கம் நாலு நிரல் எழுவான்கரை, அங்கே கடல் மீன்கள். கணவாய், திருக்கை, ஓராண்டு எல்லாம் நாலெழுத்து, அளவாகக் கொள்ளும். ஆனால் கட்டம் இரண்டாகப் பிரிந்துவிடக் கூடாது, பாலம் வேண்டும். ஐந்தாவது வரிசையில் மட்டும் வாவியைத் திறந்து ஒரு சொல்லைக் குறுக்கே போடலாம். மீன்பாடும்தேன்நாடு, மட்டக்களப்பின் பட்டப்பெயர். விரல்விட்டு எண்ணினேன்: மீ, ன், பா, டு, ம், தே, ன், நா, டு. ஒன்பது. நடுவில் வாவிக்கு மேலே நிற்பது ‘ம்’. அந்த நிரலில் வேறு சொல் இல்லாததால் மெய்யெழுத்தாக இருப்பதில் தொந்தரவு இல்லை.

ஒரே பயம் மாமாவின் இலக்கணம். புணர்ச்சி பார்த்து தேனாடு என்று எழுது என்றால் எட்டாகிவிடும், பாலம் ஒரு கட்டம் குறைந்து கரை தொடாமல் நின்றுவிடும். இன்னும் கேட்கவில்லை.